முப்பது வினாடிப் பாட்டு

தொட்டுப் பார்க்கத்தான் ஜோவெலின் விரலை வைத்தாள். அதற்குள் திரையில் பச்சையாக ஒரு டிக் விழுந்து, ‘வாங்கியதற்கு நன்றி, கேட்டு மகிழுங்கள்’ என்று வந்துவிட்டது. எதை வாங்கித் தொலைத்தோம் என்று பார்த்தாள். ஆழ்ந்த உறக்கத்துக்குத் திமிங்கிலங்களின் ஒலி. இரண்டு மணி நேரம்.

“சனியன்,” என்றாள், கொஞ்சம் சத்தமாகவே. அப்பாவின் சவப்பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறோம் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. கண்ணாடிக்கு அடியில் அப்பா கழுத்து வரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டையோடு படுத்திருந்தார். மூன்று வருடமாகத் தொண்டையில் இருந்த ஓட்டை அந்தச் சட்டைக்குள் மறைந்திருந்தது. பார்த்தால் ஒரு குறையும் இல்லாத மனிதர்தான்.

ஐந்து நாளாகப் பெருக்காத தரையில் வேர்க்கடலைத் தோல் கணுக்கால் வரை கிடந்தது. பெட்டி வீட்டில் இருக்கும்வரை விளக்குமாற்றைத் தொடக்கூடாது. துக்கத்துக்கு வந்தவர்கள் இதுதான் சாக்கு என்று கடலையைத் தின்று தின்று தோலைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். போகிறவர்களை வாசல் வரை போய் வழியனுப்பவும் கூடாது. அதனால் யார் போனார்கள், யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் அவள் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். மடியில் அப்பாவின் டேப்லெட்.

சவ வண்டிக்காரர் ரெனே வாசலில் தலையை நீட்டினார். தோளில் சிவப்புத் துண்டு, கையில் யாரோ கொடுத்த காப்பி.

“இண்டாய், பாட்டு ரெடியா?” ஊரில் இளம் பெண்களையெல்லாம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“தேடிட்டிருக்கேன் மனோங்,” என்றாள், அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி.

“ஒரு மணிக்கு வண்டி எடுத்தாகணும். ரெண்டு மணிக்குக் கோயில்ல பூசை. நம்ம பாதரப் பத்தித் தெரியுமில்ல, ஆள் வரலன்னாலும் ஆரம்பிச்சிடுவாரு.” காப்பியை ஒரு வாய் உறிஞ்சினார். “கிடைக்கலன்னா சொல்லு, என்கிட்ட இருக்கிறதப் போட்டுடறேன். நல்ல பாட்டுதான். பாதி எஸ்தான்சியா அந்தப் பாட்டுலதான் போயிருக்கு.”

“வேணாம். அப்பா ஒரு பாட்டு சொல்லியிருக்காரு.”

“என்ன பாட்டு?”

அதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

எஸ்தான்சியாவில் ஒருவர் வீட்டைவிட்டுக் கடைசியாகக் கிளம்பும்போது வண்டியின் ஒலிபெருக்கியில் அவருடைய பாட்டு போகும். வீட்டிலிருந்து கோயிலுக்கும் கோயிலிலிருந்து கல்லறைக்கும் அது ஒன்றேதான், திரும்பத் திரும்ப. பாட்டைக் கேட்டே சந்தைக்காரர்கள் இன்னார் போகிறார் என்று சொல்லிவிடுவார்கள். ஒன்றுமே சொல்லாமல் செத்தவர்களுக்குத்தான் ரெனேவின் பாட்டு.

அப்பா சொல்லாமல் சாகவில்லை. போன வாரம் ஆஸ்பத்திரியில் குறிப்புப் புத்தகத்தை வாங்கி, கோணல் எழுத்தில் எழுதிக் காட்டினார். ‘வண்டியில போட வேண்டிய பாட்டு லிஸ்ட்ல இருக்கு. மேலயே வச்சிருக்கேன்.’ ஜோவெலின் படித்துவிட்டு, “அதெல்லாம் இப்ப எதுக்குப்பா,” என்றாள். அப்பா பென்சிலால் அந்த வரிக்கு அடியில் ஒரு கோடு போட்டார். அவள் தலையை ஆட்டினாள். அந்த லிஸ்ட்டை நேற்றுத்தான் பார்த்தவள் மாதிரி ஆட்டினாள். அவள் அதைத் திறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அப்பா அனிசெத்தோ ஐஸ் ஆலையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். ஆலையின் இயந்திரச் சத்தம் இடது காதைத் தின்றது. பனிக்கட்டிகள் விரல் நுனிகளைத் தின்றன. தொட்டால் தொட்டது தெரியாது அவருக்கு. சூடான காப்பிக் குவளையைப் பிடித்துக்கொண்டு சூடு எங்கே என்பார். மிச்சமிருந்தது குரல் ஒன்றுதான். திருவிழாவோ பிறந்தநாளோ, யார் வீட்டில் கரோக்கிப் பாட்டுப் பெட்டி வைத்தாலும் ஒலிவாங்கி கடைசியில் அவர் கைக்குத்தான் வரும். அந்தக் குரலைப் புற்று பிடித்துக்கொண்டது. குரல்வளையை எடுத்துவிட்டு உயிரை விட்டு வைத்தார்கள்.

பேச்சில்லாத மனிதருக்குப் பொழுது போகட்டும் என்று ஜோவெலின்தான் இந்த டேப்லெட்டை வாங்கிக் கொடுத்தாள். பாட்டும் படமும் விற்கும் இணையக்கடை ஒன்றில் தன் கணக்கையே போட்டுக் கொடுத்தாள். முதல் மாதமே பில் வந்தது. ஒரே குத்துச்சண்டைப் படத்தை மூன்று முறை வாங்கியிருந்தார். கொரியத் தொடர் ஒன்று முழுசாக. குழந்தைகளுக்கான எழுத்துப் பாட்டு ஒன்று. விரலுக்குத் தொட்டது தெரியாததால் ஒரு அழுத்துக்கு நாலு அழுத்து அழுத்தியிருக்கிறார். அந்தக் கடை எதற்கும் ‘நிஜமாகவே வேண்டுமா’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாடிக்கையாளர் மனசு மாறுவதற்கு நேரம் கொடுத்தால் அவனுக்கு என்ன லாபம்?

இதெல்லாம் ஜோவெலினுக்குத் தெரியாததல்ல. இலோய்லோ நகரத்தில் பதினாலாவது மாடியில் அவளுக்கு இதுதான் வேலை. அமெரிக்காவில் யாரோ ஒரு பெரியவர் கை தவறி எதையாவது வாங்கிவிட்டுப் பதறிக்கொண்டு போன் செய்தால், எடுப்பது அவள்தான். ‘கவலைப்படாதீங்க சார், எல்லாருக்கும் நடக்கிறதுதான்’ என்று தேன் ஒழுகச் சொல்லி, வாங்கியதை ரத்து செய்து கொடுப்பாள். ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குச் சொல்லுவாள். குரலில் கனிவு குறைந்தால் மேற்பார்வையாளன் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவான்.

அப்பாவிடம் அப்படிச் சொல்லவில்லை. வீடியோ காலில் கூப்பிட்டு, “என்னப்பா நினைச்சிட்டிருக்கீங்க? நான் என்ன அங்க பணத்த அச்சடிக்கிறேனா?” என்று ஆரம்பித்தவள் பத்து நிமிடம் நிறுத்தவில்லை. எதிரில் இருப்பவர் பதில் சொல்ல முடியாதவர் என்பதால் திட்டுவது சுலபமாக இருந்தது. அப்பா திரையில் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

“இனிமே வாங்குற பட்டனத் தொடவே கூடாது. பிடிச்சா அந்த இதயத்த மட்டும் அமுக்குங்க. விருப்பப் பட்டியல்ல சேந்துக்கும். ஞாயித்துக்கிழமை நான் பாத்து வாங்கித் தரேன்.”

வாங்கிக் கொடுத்தாள், மூன்று ஞாயிற்றுக்கிழமை. நாலாவது வாரம் கடைக்காரன் செயலியை மாற்றிவிட்டான். பட்டியல் எங்கே போனதென்று தெரியவில்லை. அப்புறம் தேடலாம் என்று விட்டாள். அப்பா இரண்டு முறை செய்தி அனுப்பினார். ‘லிஸ்ட் பாத்தியாம்மா?’ ‘அடுத்த ஞாயிறு பாக்கறேன்பா.’ அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. ஆனால் சேர்ப்பதை நிறுத்தவில்லை போலிருக்கிறது.

இப்போது அந்தப் பட்டியல் அவள் மடியில் இருந்தது. கண்டுபிடிக்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. கணக்கு, அதற்குள் நூலகம், அதற்குள் ‘மேலும்’, அதற்குள் மூன்று புள்ளி. முன்னூற்றுப் பன்னிரண்டு பாட்டு. ‘மேலயே வச்சிருக்கேன்’ என்று அப்பா எழுதியதை நம்பி மேலே பார்த்தால், ஒரு சோப்பு விளம்பரத்தில் வருகிற இளைஞனின் காதல் பாட்டு. வெளியே வந்து மறுபடி திறந்தால் மேலே வேறொன்று, குழந்தைகளின் டைனோசர் பாட்டு. ‘உங்களுக்காகவே வரிசைப்படுத்தியது’ என்று தலைப்பில் போட்டிருந்தது. சேர்த்த தேதிப்படி வரிசையைக் காட்டு என்று சொல்ல அதில் வழியே இல்லை. நடுநடுவே பட்டியலில் இல்லாத சரக்கையும் சொருகி வைத்திருந்தான், கை தவறினால் லாபம் என்று. அப்படித்தான் திமிங்கிலம் வந்து சேர்ந்தது.

“அம்மா,” என்று கூப்பிட்டாள்.

நெனித்தா அடுப்படியிலிருந்து வந்தாள். கடைசிச் சாப்பாட்டுக்குப் பஞ்சித் நூடுல்ஸ் கிளறிக்கொண்டிருந்த கை. அழுது முடித்த முகம். பெட்டிக் கண்ணாடியில் கண்ணீர் படக்கூடாது என்று ஐந்து நாளும் அடுப்படியிலேயே அழுதிருந்தாள்.

“தெரியாம கை பட்டு என்னவோ வாங்கிட்டேம்மா.”

“விடு. எல்லாருக்கும் நடக்கிறதுதான்,” என்றாள் அம்மா.

ஜோவெலின் கொஞ்ச நேரம் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. மகள் ஆபீசில் என்ன சொல்கிறாள் என்பதை அவள் கேட்டதே இல்லை.

“அம்மா, இதுல அப்பா எந்தப் பாட்ட அடிக்கடி கேப்பாரு?”

“கேக்க மாட்டாரு,” என்றாள் அம்மா. “பாடுவாரு.”

சொல்லிவிட்டு, அடிப்பிடித்துவிடும் என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். மூன்று வருடமாகக் குரலே இல்லாதவர் பாடினாராம். அம்மாவுக்குத் தூக்கமில்லை, என்னவோ உளறுகிறாள் என்று ஜோவெலின் நினைத்தாள். பாவம் என்றும் நினைத்தாள்.

மணி பதினொன்றரை. முன்னூற்றுப் பன்னிரண்டையும் கேட்டுத் தீர்க்க முடியாது. சும்மா மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனாள். ‘நீ வராத படகு’ என்று ஒரு பெயர் வந்தது. பழைய பாட்டு, அவள் சின்ன வயசில் அப்பா வாயில் கேட்டதுதான். கொஞ்சம் தள்ளி மறுபடி ‘நீ வராத படகு’. இன்னும் கீழே மறுபடி. எண்ணிப் பார்த்தால் பதினோரு இடத்தில் அதே பெயர்.

விரல் வாங்கும் பட்டனில் பட்டுவிடாதபடி, கட்டைவிரலை மடக்கிக்கொண்டு, சுண்டுவிரலால் மாதிரி கேட்கும் அம்புக்குறியை அமுக்கினாள். கிதார், கீபோர்டு, பின்னால் மெல்லிய தாளம். இதோ குரல் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. முப்பது வினாடி முடிந்து டக்கென்று நின்றது. அடுத்ததைப் போட்டாள். அதிலும் குரல் இல்லை. மூன்றாவதிலும் இல்லை.

“காசுக்கு விக்கிறான், பாதிப் பாட்டக் காணோம்,” என்று டேப்லெட்டைப் பார்த்தே பேசினாள்.

“யாரத் திட்டுற?” என்று கேட்டுக்கொண்டே லூடிங் உள்ளே வந்தாள். பக்கத்து வீட்டு அக்கா, ஊருக்கே மனாங். ஊரில் பாட்டுப் பெட்டி வாடகைக்கு விடுவதும் அவள்தான், துக்க வீடுகளில் ஜெபமாலை சொல்ல முன்னால் நிற்பதும் அவள்தான். இரண்டுக்கும் ஒரே தொண்டை. “தலையப் பாரு, குருவிக்கூடு மாதிரி. பெட்டி இருக்கிற வீட்ல குளிக்கக் கூடாதுன்னா குளிக்கவே கூடாதுன்னா அர்த்தம்? எங்க வீட்டுக்கு வந்து ரெண்டு வாளி ஊத்திக்க.”

“மனாங், இதக் கேளுங்க. பாட்டுல குரலே வரல.”

லூடிங் இரண்டு வினாடி கேட்டாள். சிரித்தேவிட்டாள்.

“மைனஸ் ஒன் இண்டாய் இது. பாட்டுப் பெட்டிக்கு உள்ளது. குரல் எதுக்கு இதுல? பாடறவன் கொண்டு வரணும்.”

“பதினோரு தடவையா?”

“எங்க, காட்டு.” லூடிங் கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் என்னவோ இருந்தது. ஜோவெலின் அதை இதுவரை படிக்கவில்லை. “இது ஒரிஜினல் சுருதி. இது ஒரு படி மேல. இது மூணு படி கீழ. இது பொம்பளைக் குரலுக்கு.” கண்ணாடியைக் கழற்றினாள். “உங்கப்பன் அவன் சுருதியத் தேடியிருக்கான்.”

ஜோவெலினுக்கு உடனே புரியவில்லை.

“ஒரிஜினல் அவனுக்கு எட்டாது. என் பெட்டியில இந்தப் பாட்டப் போட்டா, கீழ எறக்குற பட்டன ரெண்டு தடவை அமுக்கிட்டுத்தான் எழுந்து நிப்பான். ரெண்டு படி. அதுல பாடினா பெட்டி போடற மார்க்கு தொண்ணூத்தஞ்சுக்குக் கொறையாது. ஆனா ரெண்டாம் சரணத்துல மட்டும் லேட்டு. எப்பவும் லேட்டு. முன்னாடி வர்ற கிதார் அவன் காதுல விழாது, ஐஸ் கம்பெனிக் காதாச்சே. உங்கம்மா பின்னால நின்னு முதுகுல ரெண்டு தட்டு தட்டணும். அப்பத்தான் வாயத் திறப்பான். கூடியிருக்கிறவன்லாம் சிரிப்பான்.” லூடிங் சவப்பெட்டியைப் பார்த்து, “என்ன அனிசெத்தோ, பொய்யா சொல்றேன்?” என்றாள். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

“ஆனா அப்பாவுக்குத்தான் குரலே…” என்று ஆரம்பித்து ஜோவெலின் நிறுத்தினாள்.

அம்மா கரண்டியோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

“வேற ஒருத்தன் பாடிட்டிருந்தா அவரு எங்க பாடறது?” என்றாள் அம்மா. “அதான் குரல் இல்லாததாத் தேடுவாரு. மத்தியானம் சாப்பிட்டதும் பின்கட்டுல உக்காந்து காதுல மாட்டிக்குவாரு. வாய் அசையும். சத்தம் வராது. ஆனா பாடறாருன்னு பாத்தாலே தெரியும், தோள் ஏறி எறங்கும்.”

“எப்பம்மா?”

“தெனமும்தான். ரெண்டு வருசமா.”

லூடிங் கடலைத் தோலைக் காலால் ஒதுக்கிவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெளியே ரெனே வண்டிக் கதவைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

“முழுப் பாட்டு வராது,” என்றாள் அம்மா, பெட்டியின் மூலையைத் இடுப்பில் கட்டியிருந்த துணியால் துடைத்துக்கொண்டே. “கொஞ்சம் வரும், நின்னுடும். அவரு மறுபடி அமுக்குவாரு. மறுபடி கொஞ்சம் வரும். அதுவும் ரெண்டாம் சரணம் ஆரம்பிக்கிற எடத்துலேர்ந்துதான் வரும். முதல் சரணம் அதுல கெடையாது. எனக்கு ஒரு வயர அவரு காதுலேர்ந்து எடுத்துக் குடுப்பாரு. நான் கேட்டுட்டே இருந்து தட்டணும்.”

“தட்டினியா?”

“தட்டாம? அதுக்குத்தானே என்னப் பக்கத்துல உக்கார வச்சாரு.”

“நெட்ல சும்மாவே கெடைக்குமே, முழுசா,” என்றாள் ஜோவெலின். யாரைக் குற்றம் சொல்வது என்று தேடுகிற குரல்.

“அதெல்லாம் ஒரிஜினல் சுருதி,” என்றாள் லூடிங். “அவனுக்கு எட்டாது.”

“குரல் இல்லாதவருக்கு எட்டினா என்ன, எட்டாட்டி என்ன மனாங்?”

அம்மாதான் சொன்னாள்.

“எட்டலன்னா அவருக்குத் தெரியும்ல.”

ஜோவெலின் குனிந்து திரையைப் பார்த்தாள். எழுத்தெல்லாம் கலங்கியது. பெட்டிக் கண்ணாடிக்கும் அவளுக்கும் நடுவே லூடிங் சட்டென்று தன் கைக்குட்டையை நீட்டினாள், ஒரு சொட்டு விழுந்துவிடப் போகிறதே என்று.

“என்கிட்டச் சொல்லியிருக்கலாம்லம்மா. ஒரு வார்த்தை. ‘வாங்கிக் குடு’ன்னு.”

“நான் சொன்னேன் அவருகிட்ட, கேளுங்கன்னு. ‘அதான் லிஸ்ட்ல இருக்கே, அவ பாத்துக்குவா’ன்னு எழுதிக் காட்டுவாரு. அந்த ஒரு பாட்டத் தெனம் எடுத்துட்டு எடுத்துட்டு மறுபடி வப்பாரு.”

“எதுக்கு?”

“புதுசா வச்சாத்தான் மேல வரும்னு. நீ தொறந்த உடனே உன் கண்ணுல படணும்ல.”

ஜோவெலின் எழுந்தாள். எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள். முன்னூற்றுப் பன்னிரண்டு பாட்டையும் தனக்காகவே வரிசைப்படுத்திக் கொடுத்த அந்தக் கடைக்காரனை அடிக்க வேண்டும் போலிருந்தது. அவனை எங்கே போய் அடிப்பது? அவனுக்கு முகமும் இல்லை, வாசலும் இல்லை. போன் செய்தால் எடுக்கிறவள் தன்னைப் போல ஒருத்தியாகத்தான் இருப்பாள். அவனாவது வரிசையைத்தான் மாற்றினான். தான் திறந்தே பார்க்கவில்லையே என்பதுதான் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது.

பதினொன்றில் ஒவ்வொன்றாகச் சின்ன எழுத்தைப் படித்தாள். ஒன்பதாவது. ‘நீ வராத படகு. குரலின்றி. இரண்டு படி கீழே.’

இந்த முறை கட்டைவிரலை மடக்காமல், ஆள்காட்டி விரலால் ஒரே ஒரு முறை தொட்டாள். பச்சை டிக் விழுந்தது. ‘வாங்கியதற்கு நன்றி, கேட்டு மகிழுங்கள்.’ நிஜமாகவே வேண்டுமா என்று இப்போதும் அது கேட்கவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை.

“கெடச்சிடுச்சா?” என்றார் ரெனே வாசலிலிருந்து.

“கெடச்சிடுச்சு மனோங்.”

லூடிங் வீட்டில் இரண்டு வாளி ஊற்றிக்கொண்டு, ஈரத் தலையோடு வந்தாள் ஜோவெலின். பெட்டியை மூடும் நேரம் வந்துவிட்டது. அப்பாவின் விரல்களில் சுற்றியிருந்த ஜெபமாலையை லூடிங் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டாள். மாலை அறுபடாமல் போனால் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போய்விடும். அந்தத் தொட்டது தெரியாத விரல்களை ஜோவெலின் ஒருமுறை பிடித்துப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தது. ஆலையிலிருந்து வந்தவுடன் அவள் கன்னத்தில் வைத்து விளையாட்டுக் காட்டுவாரே, அதே குளிர்ச்சி.

நாலு பேர் பெட்டியை வாசற்கால் படாமல் வெளியே கொண்டுவந்து தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள். வழக்கப்படி அம்மா குனிந்து அதற்கு அடியில் கடந்து போனாள். பின்னாலேயே ஜோவெலின், டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

வண்டியின் மேல் இருந்த ஒலிபெருக்கிகள் பெட்டியைவிடப் பெரிசு. ரெனே டேப்லெட்டை வாங்கி வயரைச் செருகினார்.

“எது, மேல இருக்கிறதா?”

“ஆமா. இல்ல, இருங்க மனோங்…”

அதற்குள் தெருவே அதிர ஒரு நீண்ட முனகல் எழுந்தது. ஆழத்திலிருந்து ஏறி, இழுத்து, வளைந்து, இன்னும் இழுத்தது. தெருநாய் ஒன்று வாலைக் கால்களுக்குள் வைத்துக்கொண்டு ஓடியது. லூடிங் இரண்டு முறை சிலுவை போட்டுக்கொண்டாள்.

“என்ன எழவுடா அது?”

“திமிங்கிலம் மனாங்,” என்றாள் ஜோவெலின். “தெரியாம வாங்கிட்டேன்.”

அம்மா சிரித்தாள். ஐந்து நாளில் முதல் தடவை. சத்தமில்லாமல், தோள் மட்டும் ஏறி இறங்க. சிரிப்பு எங்கே முடிந்து எங்கே அழுகை ஆனது என்று பக்கத்தில் நின்றவளுக்கே தெரியவில்லை. ஜோவெலின் கையை நீட்டி, சரியான பாட்டைத் தொட்டுவிட்டு, டேப்லெட்டை ரெனேவிடமே விட்டாள்.

வண்டி மெல்ல நகர்ந்தது. கிதார் வந்தது, கீபோர்டு வந்தது. பின்னால் நடந்தவர்கள் கறுப்பும் வெள்ளையுமாகக் குடைகளை விரித்துக்கொண்டு, இதோ பாடகர் ஆரம்பிப்பார் என்று காத்துக்கொண்டு நடந்தார்கள். முதல் சரணம் முழுவதும் குரலில்லாமலே போயிற்று. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

“பாட்டு கெட்டுப் போச்சா?” என்று யாரோ பின்னால் கேட்டார்கள்.

“வாய மூடிட்டு நட,” என்றாள் லூடிங்.

ரெனே பக்கக் கண்ணாடியில் ஜோவெலினைப் பார்த்து, மாற்றட்டுமா என்று கையால் கேட்டார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

தெரு முனையில் ஐஸ் ஆலை. வாசலில் தொழிலாளர்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். மீன் படகுகள் காத்திருப்பதால் இயந்திரத்தை நிறுத்த முடியவில்லை. அந்தப் பெரிய சத்தம் தெருவை நிறைத்தது. அதற்குள் கிதார் எங்கே, தாளம் எங்கே என்று ஜோவெலினால் பிரித்துக் கேட்க முடியவில்லை. அப்பாவுக்கு எப்போதும் இப்படித்தான் கேட்டிருக்கும் போலிருக்கிறது.

அம்மா வண்டியின் பின்கதவில் உள்ளங்கையை வைத்தபடி நடந்துகொண்டிருந்தாள். முகத்தை நிமிர்த்தவில்லை. ஆலை வாசலுக்கு நேராக வந்தபோது அவள் கை கொஞ்சம் மேலெழுந்து, அந்தத் தகரத்தில் இரண்டு முறை தட்டியது.

ஆலையைத் தாண்டியதும் பாட்டு மறுபடி தெளிவாகக் கேட்டது. இரண்டாம் சரணம் நடந்துகொண்டிருந்தது. அம்மா தட்டியதிலிருந்து ஜோவெலின் தன்னையறியாமல் எண்ணிக்கொண்டே வந்தாள். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. அம்மா சட்டென்று நின்றாள். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.

பாட்டு நிற்கவில்லை. அம்மா ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நாலடி வேகமாக நடந்து, கையை மறுபடி வண்டியில் வைத்துக்கொண்டாள்.